ஜாஸ் புடிக்கும்னு பொய் சொல்லாதீங்க

ஸ்போக்கன் இங்கிலீஷும், வெளிநாடு போறவங்க எழுதற இங்கிலீஷ் பரீட்சையான ஐஇஎல்டிஎஸ்-உம் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சு 12 வருஷம் ஆச்சு. சுற்றுச்சூழல் பத்தி கேளுங்க, டெக்னாலஜி பத்தி கேளுங்க, பசங்க எதையோ சொல்லி ஒப்பேத்திடுவாங்க. "வாட் கைண்ட் ஆஃப் மியூசிக் டூ யூ லைக்?"னு கேளுங்க, முழிப்பாங்க. இத்தனைக்கும் கிளாசுக்கு வர்ற வழி பூரா காதுல இயர்ஃபோன் மாட்டிட்டு வந்த ஆளுங்கதான்.

வர்ற பதிலும் ரெண்டு மூணுதான். "ஐ லைக் ஆல் கைண்ட்ஸ் ஆஃப் மியூசிக்" ஒண்ணு. "மியூசிக் கிவ்ஸ் மீ பீஸ் ஆஃப் மைண்ட்" இன்னொண்ணு. மூணாவதுதான் என்னை இதை எழுத வெச்சது, "மை ஃபேவரிட் ஈஸ் ஜாஸ்".

போன வருஷம் ஒரு நர்ஸ் பொண்ணு மாக் டெஸ்ட்டுக்கு உக்காந்தா. ஜாஸ்னு சொன்னா, எஸ்பெஷலி சாக்ஸஃபோன்னு வேற சேத்துக்கிட்டா. சரின்னு நானும், கடைசியா எப்பம்மா சாக்ஸஃபோன் கேட்டேன்னு இங்கிலீஷ்லயே கேட்டேன். அவ்ளோதான், கண்ணு மேல போயிடுச்சு, ஃபேனை பாக்கறா, டேபிளை பாக்கறா. நான் ரெக்கார்டரை ஆஃப் பண்ணிட்டு, "விடும்மா, தமிழ்ல சொல்லு, நேத்து என்ன பாட்டு கேட்ட"ன்னேன்.

"நேத்தா மேம்? நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்தேன், தூக்கமே வரல, ஒரே பாட்டை திருப்பித் திருப்பி போட்டுட்டே இருந்தேன். அதுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி எல்லா வாத்தியமும் டக்குனு நின்னுடும் மேம், ஒரு ஃப்ளூட் மட்டும் வரும். அந்த எடத்துக்காகத்தான் கேப்பேன். அது முடிஞ்சா மிச்ச பாட்டு கூட வேணாம், பின்னாடி தள்ளி மறுபடி அங்கேர்ந்து போடுவேன்."

எவ்ளோ அழகான பதில் பாருங்க. ஏன்மா இதை சொல்லாம ஜாஸ்னு சொன்னன்னு கேட்டா, "இதெல்லாம் போயி இங்கிலீஷ்ல எப்டி மேம், சிரிக்க மாட்டாங்களா"ங்கறா.

இந்த ஜாஸ் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு நல்லா தெரியும், ஏன்னா நானே குடுத்திருக்கேன். நான் மொதமொதல்ல வேலை பாத்த எடத்துல மாடல் ஆன்சர்னு ஒரு பேப்பர் கட்டு இருக்கும், அதுல மியூசிக்னு ஒரு பக்கம், அதுல ஜாஸ், சாக்ஸஃபோன், "இட் சூத்ஸ் மை சோல்", எல்லாம் இருக்கும். வரிசையா உக்காந்து எல்லாரும் அதே சாக்ஸஃபோனை ஊதுவாங்க. ரெண்டு வருஷம் நானும் அதை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன், இப்ப நெனச்சா கூச்சமா இருக்கு.

பரீட்சையோட கணக்கை பாத்தாலே இது எவ்ளோ வீண் வேலைன்னு புரியும். ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் மொத்தமே 11லேர்ந்து 14 நிமிஷம். இந்த மாதிரி சொந்த விஷயம் கேக்கற மொத பகுதி அதுல 4லேர்ந்து 5 நிமிஷம்தான். மார்க் போடறது நாலு விஷயத்துக்கு: தடங்கல் இல்லாம கோர்வையா பேசறது, வார்த்தை வளம், இலக்கணம், உச்சரிப்பு. நாலுக்கும் சம பங்கு. இதுல ரசனைக்குன்னு அஞ்சாவதா ஒரு மார்க் இருக்கா? இல்ல. நீங்க எந்தப் பாட்டு கேட்டா மார்க் போடறவங்களுக்கு என்ன? ஆனா பொய் சொன்னா மொத அடி விழறது அந்த கோர்வை மேலதான், ஏன்னா அடுத்த கேள்விக்கு உங்ககிட்ட சரக்கு இருக்காது. வேலை இன்டர்வியூலயும் வெளிநாட்டு டீமோட பேசற கால்லயும் இதே கதைதான், அங்க யாரும் மார்க் போடறதில்ல, எதிர்ல இருக்கற ஆள் நெஜமாவே ஜாஸ் ரசிகரா இருந்துட்டா தொலைஞ்சீங்க.

சரி, அந்தப் பொண்ணோட பதிலுக்கு வரேன். இப்ப இதையே இங்கிலீஷ்ல சொல்லுன்னேன். மொதல்ல வந்தது, "ஆஃப்டர் நைட் டூட்டி ஐ வில் ஹியர் ஒன் சாங் அகெய்ன் அண்ட் அகெய்ன்". இந்த ஒரு வரிக்குள்ள ரெண்டு தமிழ் ஒளிஞ்சிருக்கு.

மொதல்ல அந்த வில். நம்ம தமிழ்ல "நாளைக்கு கேப்பேன்"னாலும் "தினமும் கேப்பேன்"னாலும் அதே கேப்பேன்தான். இனிமே செய்யப்போறதுக்கும் வழக்கமா செய்யறதுக்கும் ஒரே வடிவம். இங்கிலீஷ்ல அப்டி கலந்தா கேக்கறவருக்கு நீங்க இனிமேதான் கேக்கப்போறீங்கன்னு படும். வழக்கம்னா "ஐ லிசன்", அவ்ளோதான், வில் வேண்டாம். சில பேர் இதை சரி பண்றேன்னு "ஐ யூஸ்டு டு லிசன் டெய்லி"ம்பாங்க, அது இன்னும் மோசம், முன்னாடி கேட்டேன் இப்ப விட்டுட்டேன்னு அர்த்தம். என் ஸ்டூடன்ட் ஒருத்தர் அப்டி சொல்லிட்டு, "வொய் டிட் யூ ஸ்டாப்?"னு நான் கேட்டதும் பதறிப்போயி "நோ நோ, ஐ ஆம் நாட் ஸ்டாப்"ன்னார்.

ரெண்டாவது அந்த ஹியர். நமக்கு கேக்கறதுன்னா எல்லாமே கேக்கறதுதான், பாட்டு கேக்கறது, சத்தம் கேக்கறது, கேள்வி கேக்கறது, கடன் கேக்கறது. புதுசா சேந்த ஒருத்தர் "ஐ ஆம் ஆஸ்கிங் சாங்ஸ்"னே சொல்லியிருக்கார். காதுல தானா வந்து விழுந்தா ஹியர், நாம உக்காந்து காது குடுத்தா லிசன். பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் ஹியர், உங்க இயர்ஃபோன் லிசன். அந்த லிசனுக்கு பின்னாடி ஒரு டு வரணும், நம்ம "பாட்டை"ங்கறதுல இருக்கற ஐ மாதிரி அதையும் ஒட்டியே பழகிக்கோங்க. "லிசன் மியூசிக்"னு சொல்லாத ஆளை நான் பாத்ததே கம்மி.

இருவது நிமிஷம் உக்காந்து, அவ வார்த்தையை நான் மாத்தாம, இப்டி வந்துச்சு: "ஆஃப்டர் எ நைட் ஷிஃப்ட் ஐ கான்ட் ஃபால் அஸ்லீப், ஸோ ஐ ப்ளே ஒன் சாங் ஆன் ரிப்பீட். ஜஸ்ட் பிஃபோர் த செகண்ட் வெர்ஸ் எவ்ரிதிங் ஸ்டாப்ஸ், அண்ட் யூ ஹியர் ஒன்லி எ ஃப்ளூட். ஐ லிசன் டு த ஹோல் சாங் ஜஸ்ட் ஃபார் தட் பார்ட்." ஒரு பெரிய வார்த்தை கிடையாது. சரணத்துக்கு வெர்ஸ்னு ஒரு வார்த்தை மட்டும் நான் குடுத்தேன், பல்லவிக்கு கோரஸ்னு வெச்சுக்கலாம், அச்சு அசலா ஒண்ணு இல்லன்னாலும் பேச்சுக்கு போதும். நடுவுல "யூ ஹியர்"னு அவளே சரியா போட்டா பாருங்க, அங்கதான் எனக்கு சந்தோஷம்.

இன்னொரு வலை, நாம இங்கிலீஷ்னு நெனச்சு தமிழ்ல பேசற வார்த்தைங்க. மெலடின்னா நமக்கு மெதுவா போற இதமான பாட்டு. இங்கிலீஷ்காரங்களுக்கு மெலடின்னா ராகமா வர்ற அந்த மெட்டு, கத்தி ஆடற பாட்டுலயும் மெலடி இருக்கும். ஸோ "ஐ லைக் மெலடி சாங்ஸ்"னா, மெட்டு உள்ள பாட்டு புடிக்கும்னு சொன்ன மாதிரி, எல்லா பாட்டுக்கும் மெட்டு இருக்கேன்னு எதிராளி குழம்புவார். "ஸ்லோ சாங்ஸ்", "சாஃப்ட், காம் சாங்ஸ்"னு சொல்லுங்க. குத்து மாதிரி ஆட வைக்கிற பாட்டுக்கு "அப்-பீட்" இல்லன்னா "சம்திங் யூ கேன் டான்ஸ் டு". ஆல்பம் சாங்னா நமக்கு படத்துல வராத தனிப்பாட்டு, அவங்களுக்கு ஆல்பம்னா பல பாட்டு சேந்த தொகுப்பு. பிஜிஎம்னு சொல்றதை படத்துக்குன்னா "ஸ்கோர்"னு சொன்னா புரியும், பேக்ரவுண்ட் மியூசிக்னா அவங்களுக்கு லிஃப்ட்லயும் ஹோட்டல் லாபிலயும் ஓடறதுதான் மொதல்ல ஞாபகம் வரும். மெட்டு போடறவரை "கம்போசர்"னு சொல்லுங்க, மியூசிக் டைரக்டர்ங்கறது வேற நாட்டுக்காரங்களுக்கு வேற வேலை.

இசை வகைக்கு சொல்ற அந்த "genre"ங்கற வார்த்தை, ஜென்ரேன்னும் ஜீனர்னும் கிளாசுல உருளும். பிரெஞ்சுலேர்ந்து வந்த வார்த்தை அது. ஜான்ராக்கும் ஷான்ராக்கும் நடுவுல ஒரு சத்தம், ப்ளெஷர், ட்ரெஷர்னு சொல்றப்ப நடுவுல வருதே அதான். வரலன்னா "டைப்"னு சொல்லிட்டு போயிட்டே இருங்க, ஒண்ணும் குடிமுழுகிடாது.

மொதல்ல புடிக்காம கேக்க கேக்க புடிச்சுப்போகும்ல, அதுக்கு "இட் க்ரூ ஆன் மீ". மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தா "இட்ஸ் ஸ்டக் இன் மை ஹெட்". அதுக்கே இயர்வோர்ம்னு ஒரு வார்த்தையும் இருக்கு, ஜெர்மன்ல காதுப்புழுன்னு சொல்றதை அப்டியே எடுத்துக்கிட்டது. ஆசையா சொல்லிக்குடுத்தேன், அடுத்த நாளே ஒரு தம்பி "ஐ ஹேவ் எ வோர்ம் இன் மை இயர்"னு நின்னான், அன்னிலேர்ந்து அந்த வார்த்தையை நான் தொடறதில்ல.

புடிக்கலன்னா "ஐ ஹேட் இட்"னு போட்டு உடைக்காம "இட்ஸ் நாட் ரியலி மை திங்". "ஐ ஹியர் சாங்ஸ் வைல் ஸ்லீப்பிங்" வேணாம், தூங்கிட்டே கேக்கறீங்களா என்ன, "பிஃபோர் ஐ ஃபால் அஸ்லீப்"னு சொல்லுங்க.

பாட்டே கேக்கறதில்லன்னு வெக்கப்படறவங்களும் இருக்காங்க. அதுவும் பதில்தாங்க. ஒரு டிரைவர் அண்ணன், "டு பி ஆனஸ்ட், ஐ டோன்ட் லிசன் டு மியூசிக். ஆல் டே ஐ ஹியர் ஹார்ன்ஸ். அட் ஹோம் ஐ வான்ட் சைலன்ஸ்"ன்னார். எங்க கிளாஸ்ல இந்தக் கேள்விக்கு இதுவரைக்கும் வந்ததுலயே எனக்கு ரொம்ப புடிச்ச பதில் அதுதான், நர்ஸ் பொண்ணு கோச்சுக்க கூடாது.

அவளுக்கு பரீட்சைல மியூசிக் வரவே இல்ல. ஷூ பத்தி கேட்டாங்களாம். வெளிய வந்ததும் ஃபோன் பண்ணா, "மேம், எனக்கு பிராண்ட் எல்லாம் தெரியாது, ஆனா வார்டுல நடந்து நடந்து என் இடது கால் ஷூ மட்டும் எப்பவும் மொதல்ல தேயும்னு சொன்னேன் மேம், அந்தம்மா சிரிச்சிட்டாங்க"ன்னா.