போக்சோ வழக்கு: தீர்ப்புக்கு முன்பே குழந்தைக்குக் கிடைக்க வேண்டியவை

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்து, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவானால், அரசு உதவித்தொகை தீர்ப்பு வந்த பிறகுதான் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். 2020 மார்ச் 9 முதல் நடப்பில் உள்ள போக்சோ விதிகளின்படி, முதல் சில நாட்களிலேயே உதவி கேட்கலாம்.

புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கு (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்காக மாவட்டத்தில் அரசு அமைத்திருக்கும் குழு) தெரிவிக்க வேண்டும். சாப்பாடு, துணிமணி, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குப் பணம் கொடுக்கும்படி அந்தக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ அதைக் கொடுக்கும். கூலி வேலையை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிற அம்மாவுக்கு பஸ் காசே பாரம்தான். குழுவிடம் தயங்காமல் கேளுங்கள், எழுதிக் கொடுத்தே கேளுங்கள்.

அப்புறம் இடைக்கால இழப்பீடு. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு எந்தக் கட்டத்திலும், போக்சோ வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் இதை வழங்க உத்தரவிடலாம். குழந்தையின் சார்பில் மனு போடலாம், நீதிமன்றம் தானாகவும் செய்யலாம். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் மாநில அரசு பணம் கொடுக்க வேண்டும். பின்னால் இறுதி இழப்பீடு வந்தால் இதை அதில் கழித்துக்கொள்வார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், ஆள் யாரென்றே தெரியாமல் போனாலும்கூட, குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்ததாக நீதிமன்றம் கருதினால் இழப்பீடு பரிந்துரைக்க முடியும். மனநல சிகிச்சை, கவுன்சலிங் செலவு, படிப்பு தடைப்பட்டது எல்லாமே தொகையை முடிவுசெய்யும்போது கணக்கில் வரும். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பணத்தைவிட முக்கியம் என்று நான் நினைப்பது ஆதரவு நபர் ஏற்பாடு. விசாரணையிலும் நீதிமன்றத்திலும் குழந்தையோடு கூடவே இருப்பதற்காகக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆள் இவர். இவருக்கான ஊதியத்தைக் குடும்பம் தர வேண்டியதில்லை, அரசு தரும். வழக்கு முடியும்வரை குழு மாதாமாதம் இவரிடம் அறிக்கை கேட்க வேண்டும். குழந்தையின் உடல்நிலை, மனநிலை, வீட்டுச் சூழல், அந்த அதிர்ச்சியிலிருந்து எந்த அளவுக்கு மீண்டு வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. குழந்தை திரும்பப் பள்ளிக்குப் போவதையும், தேவைப்பட்டால் வேறு பள்ளியில் சேர்வதையும் உறுதிசெய்வது குழுவின் பொறுப்பு. மனக்காயத்தோடு இருக்கும் பிள்ளைக்கு, பழைய பள்ளியின் வாசல் ஏறுவதே பெரும்பாடாக இருக்கும் அல்லவா?

ஆதரவு நபர் உண்டு என்பதையே யாரும் சொல்லாமல் விட்டுவிட்டால்? சொல்லியே ஆக வேண்டும். எல்லா வழக்கிலும் இந்த உரிமையைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆதரவு நபரை ஏற்பாடு செய்வது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வந்தவரோடு குழந்தைக்கு ஒத்துப்போகவில்லை என்றால் வேண்டாம் என்று குழுவிடம் சொல்லலாம். அதற்குக் குழந்தை காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், இலவசம்தான். குழந்தையின் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். உதவி கேட்பதற்காகப் போட்டாலும், அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம்.