எடையும் ஒன்று, கொதிநிலையும் ஒன்று: அப்புறம் எப்படிப் பிரிப்பது?

கண்ணாடி பிம்ப மூலக்கூறுகள் இரண்டுக்கும் எடை, உருகுநிலை, கொதிநிலை எல்லாம் ஒன்றே என்றால் மருந்துக்கு வேண்டியதை மட்டும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

ஒரு கார்பனோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் சேர்ந்தால் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் வரும், பள்ளியில் படித்ததுதான். சாதாரணக் கருவிகளுக்கு வித்தியாசம் தெரியாது, உடலுக்கு நன்றாகவே தெரியும். செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு டி-பெனிசிலமின் மருந்து, அதன் பிம்பமான எல்-பெனிசிலமின் நஞ்சு.

1848-இல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்து, இடுக்கியால் இரண்டு குவியலாகப் பொறுக்கினார். அதிர்ஷ்டமும் கூட இருந்தது, பெரும்பாலான பொருட்கள் அப்படித் தனித்தனிப் படிகமாகாது.

சரி, வேறு வழி? இடக்கையா வலக்கையா என்று அறிய இன்னொரு கை வேண்டும். அந்தக் கையை ஒரு துளையின் சுவரிலேயே வைத்துவிட்டால்? 2000-இல் கொரியாவின் கிமூன் கிம் குழு அதே டார்டாரிக் அமிலத்திலிருந்து செய்த மூலக்கூறுகளைத் துத்தநாகத்தோடு கோத்து, அப்படியொரு நுண்துளைப் படிகத்தை உருவாக்கியது. உலோக-கரிமச் சட்டகம் என்பார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இந்தத் துளைக்குள்தான். சுவரில் ஓரிடம் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்கிறது, இன்னோரிடத்தில் பென்சீன் வளையம் படுத்துக்கொள்கிறது, மூன்றாவது இடத்தில் பருமனான தொகுதி ஒன்று உட்காரப் பள்ளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வடிவம் மூன்றிலும் பொருந்தும். அதன் பிம்பமோ முதல் இரண்டில் பொருந்திவிட்டு மூன்றாவதில் சுவரை முட்டும், அல்லது அந்தரத்தில் தொங்கும். அதற்காக உள்ளேயே வராது என்றில்லை, வரும், கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிவிடும், அவ்வளவுதான். இரண்டையும் சுவர் பிடிக்கும் ஆற்றலில் மோலுக்கு 0.1 கிலோகலோரி வித்தியாசம் இருந்தாலே அறை வெப்பநிலையில் பிடிப்பு சுமார் 1.2 மடங்கு மாறும். இது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் இந்தப் பொருளை அடைத்த நீண்ட குழாய்க்குள் மூலக்கூறு ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டி என்று ஆயிரக்கணக்கான முறை போகும்போது அந்தச் சிறு தாமதங்கள் சேர்ந்துகொண்டே போய், ஒரு வடிவம் முன்னால் வந்துவிட மற்றது பின்தங்கிவிடும்.

பிரிக்க வேண்டாம், எது என்று தெரிந்தால் போதும் என்றால் ஒளிரும் சட்டகத்தைப் பயன்படுத்தலாம். ஒரு வடிவம் உள்ளே நுழையும்போது ஒளி கூடுதலாக மங்கும்.

ஒரே துளை எல்லா மருந்துக்கும் பொருந்தாது, பெரும்பாலும் செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிதி தருபவர்கள் இதைப் போய் எப்போது சந்தைக்கு வரும் என்று கேட்டு அரிப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இச்சட்டகங்களுக்கு அடிப்படையான ரிச்சர்ட் ராப்சனின் கட்டுரை வந்தது 1989-இல், நோபல் பரிசு 2025-இல்.

இன்னொன்று. கர்ப்பிணிகள் சாப்பிட்டு, குழந்தைகள் ஊனத்தோடு பிறக்கக் காரணமான மருந்து தாலிடோமைடு; அதில் நல்ல வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைகள் தப்பியிருப்பார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. எந்த வடிவத்தை விழுங்கினாலும் உடலுக்குள் அது மற்றதாக மாறிவிடும், அங்கே எவ்வளவு நேர்த்தியான துளையும் உதவாது.