காயும்போது கலையும் பனி

இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில், தேயிலைத் தோட்டத்து எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் ஓர் ஓவியம் தொங்குகிறது. அக்கா மகன் அக்ரிலிக்கில் தீட்டியது. கீழே கரும்பச்சை, நடுவே சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை, மேலே சாம்பல் கலந்த நீலம், ஓரத்தில் சின்னதாய் ஒரு சிவப்புப் பொட்டு. அவ்வளவுதான். கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மா பார்த்த உடனே, "பனி எறங்குது, செவப்பு சுவெட்டரு போட்டுக்கிட்டு யாரோ நிக்கிறாங்க" என்றார். பெரியப்பாவுக்கு அது மண்சரிவு. வரைந்தவனைக் கேட்டால், "ஒன்னுமில்ல மாமா, மிஞ்சின பெயின்ட வழிச்சுப் பூசினேன்" என்கிறான்.

மூவரையும் நம்பலாம். நம் மூளையில் பார்வையைக் கவனிக்கும் மேற்பகுதியான பார்வைப் புறணியில் உள்ள பல நரம்புக்கலங்கள் குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் விளிம்புகளுக்கு மட்டுமே துடிக்கின்றன. படுத்த கோட்டுக்குச் சில, சாய்ந்த கோட்டுக்கு வேறு சில. இதைக் கண்டறிந்த டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். இப்படித் துண்டு துண்டாக வரும் செய்தியை, மூளை தனக்குப் பழக்கமானவற்றோடு பொருத்திப் பார்க்கிறது. எந்தப் பொருளையும் அப்படியே காட்டாத அரூப ஓவியம் முழு விடையைத் தருவதில்லை, அதனால் பார்ப்பவர் தன் கையிருப்பிலிருந்து நிரப்புகிறார். அம்மாவின் கையிருப்பு நாற்பது வருட மலை.

ஹப்புத்தளை என்றும் அப்புத்தளை என்றும் சொல்வோமே, அங்கே நின்று தெற்கே பார்த்தவர்களுக்கு இது புரியும். தூரம் போகப் போக மலைகள் வெளுத்து நீலமாகின்றன. இடையில் இருக்கும் காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதுதான் காரணம். பனியின் நீர்த்துளிகளோ பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிப்பதால் பனி வெள்ளையாகத் தெரிகிறது. சாம்பல் நீலம் என்றால் தொலைவு என்று சிறுவயதிலேயே பழகிய கண், தட்டையான கன்வஸிலும் அதே நிறத்தைத் தள்ளிக்கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அக்ரிலிக் வண்ணமே ஒருவகைப் பனிதான். நிறமித் தூளோடு, கண்ணுக்குத் தெரியாத பாலிமர் துணிக்கைகள் நீரில் மிதக்கின்றன. பாலிமரை நம் பாடசாலைப் புத்தகங்கள் பல்பகுதியம் என்னும். அந்தத் துணிக்கைகள் ஒளியைச் சிதறடிப்பதால் ஈர வண்ணத்தில் ஒரு பால்வெள்ளை கலந்திருக்கும். நீர் ஆவியாகும்போது துணிக்கைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று இணைந்து தெளிவான படலமாகின்றன. உள்ளே இருந்த பனி கலைந்துவிட்டது. நிறம் ஒரு படி அடர்கிறது. ஈரத்தில் பார்த்துக் கலந்த பச்சை, காய்ந்ததும் கறுத்துப்போய் ஏமாற்றுவது இதனால்தான். காய்ந்த படலம் மறுபடி நீரில் கரையாது. அதனால் மேலே அடுத்த பூச்சைப் போட்டாலும் கீழே உள்ளது கலங்குவதில்லை.

அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான வசிலி காண்டின்ஸ்கி சொன்ன ஒரு சம்பவம் உண்டு. மியூனிக்கில் அந்தி வேளையில் தன் ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தவர், என்னவென்று புரியாத ஓர் அற்புத ஓவியத்தைக் கண்டு நின்றுவிட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால் அவருடையதுதான், பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே உணர்வை மீட்கப் பார்த்தார். எப்படித் திருப்பி வைத்தாலும் பொருட்கள் அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தன. எனக்கும் அதே கதிதான்: அம்மா சுவெட்டர் என்று சொன்ன பிறகு அந்தப் பொட்டு வெறும் பொட்டாகத் தெரியவே மாட்டேன் என்கிறது.

சரி, பெரியப்பாவின் மண்சரிவு? கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பட்டை முழுக்க மயிரிழை வெடிப்புகள். அக்ரிலிக் துணிக்கைகள் இணைய ஓரளவு வெதுவெதுப்பு வேண்டும். வெப்பநிலை சுமார் 9 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அவை விறைத்துக்கொள்ளும். நீர் போய்விடும், துணிக்கைகள் சேராமல் படலம் வெடிக்கும். பிறகு வெயிலில் வைத்தாலும் பெரும்பாலும் சரிவராது. இவன் பூசியதோ ஜனவரி ராத்திரியில், தகரக் கூரைக்கு அடியில், அதுவும் கெட்டியாக.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதிலிருந்து, மலையில் வெடிப்பைக் கண்டால் பெரியப்பா குனிந்து விரலை விட்டுப் பார்க்காமல் நகரமாட்டார். ஓவியத்திலும் விரலை வைத்துத்தான் பார்த்தார்.