சோலைவரி கூடிவிட்டதா? கவுண்டரில் பேசாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

திருகோணமலையில் எங்கள் பக்கத்து வளவு மாமிக்குச் சோலைவரி, அதாவது வீடு வளவுக்குச் சபை அறவிடும் வரி, மூன்று மடங்காக வந்தது. வரித் துண்டைக் கையில் பிடித்தபடி நேரே சபைக் கந்தோருக்குப் போனார். "ஐயா வெளியில போயிட்டார், அடுத்த கிழமை வாங்கோ அம்மா" என்றார்கள். அடுத்த கிழமை, "இது விலைமதிப்புத் திணைக்களம் போட்டது, அங்கை கேளுங்கோ." அங்கே போனால், "சபையிலதான் கேக்கவேணும்." ஐந்தாம் முறை போனபோது, "ஒரு மாதம் முடிஞ்சுது, இனி ஒண்டும் செய்யேலாது." ஐந்து முறை வெயிலில் நடந்த மனுசி ஒரு கடிதமும் கொடுக்கவில்லை. சபைக் கோவையைப் பொறுத்தவரை அவர் ஒருமுறையும் வரவில்லை.

இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது.

அடிப்படை இவ்வளவுதான். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்று கணித்து ஒரு தொகை போடுகிறார்கள். அது வருடாந்தப் பெறுமதி. அதில் இத்தனை வீதம் என்று சபை வரி அறவிடுகிறது. உதாரணத்துக்கு, பெறுமதி 60,000 ரூபாய், வரி 8 வீதம் என்றால் வருடத்துக்கு 4,800, காலாண்டுக்கு 1,200.

முதல் பொறி இங்கேயே இருக்கிறது. ஆட்சேபனை செய்வது பெறுமதியை, வீதத்தை அல்ல. "எனக்கு வருமானம் இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று பலர் உருக்கமாக எழுதுகிறார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் கடிதம் ஒரு மூலையில் கிடக்கும். "இந்த வீட்டுக்கு இவ்வளவு வாடகை வராது, காரணம் இது" என்று எழுதினால்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

காரணங்கள் உங்கள் கண் முன்னாலேயே இருக்கும். ஓட்டோகூட நுழையாத ஒழுங்கை, உவர்த் தண்ணீர்க் கிணறு, மார்கழி மழைக்கு முழங்கால் அளவு நிற்கும் வெள்ளம். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, கொங்கிறீட் பாளம் பாளமாக விழும். அதைப் படம் எடுங்கள். வெள்ளத்தை வெள்ளம் நிற்கும்போதே எடுத்து வையுங்கள், பங்குனியில் போய்க் காட்ட முடியாது. உப்புவெளிப் பக்கம் நாலு வீடு தள்ளி வெள்ளைக்காரருக்கு அறை விடுகிறவர் இருந்தால், அவருடைய வாடகையை வைத்து உங்கள் வீட்டை அளந்திருக்கலாம். உங்கள் ஒழுங்கையில் சாதாரணக் குடும்பத்துக்கு விட்ட வீட்டின் வாடகை ஒப்பந்தப் பிரதி ஒன்று கிடைத்தால் அதுதான் பெரிய ஆயுதம்.

அப்புறம் அளவுகளைப் பாருங்கள். மாமியின் மேல்மாடியில் தூண் மட்டும்தான் நிற்கிறது, மகன் காசு அனுப்பினால்தான் சுவர் எழும்பும். றோட்டில் நின்று பார்த்துவிட்டு "இரண்டு மாடி" என்று எழுதிவிட்டார்கள். முன்பக்கம் எப்போதோ நடத்திப் பூட்டிய சின்னக் கடை இன்னும் வியாபார இடம் என்று பதிவில் இருந்தது. வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் வீதம் வேறுபடும் இடங்களில் இந்த ஒரு சொல்லே உங்களைச் சாப்பிட்டுவிடும். பதிவைக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபனையின் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்.

ஏனென்றால் இருப்பது ஒரே ஒரு மாதம், அதுவும் அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து. வந்த உறையையும் எறியாதீர்கள், தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது. சபை உறுப்பினரிடம் ஒரு சொல் சொல்லி வைத்தால் நாள் நின்றுவிடாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். குத்த மாட்டோம் என்றால் வாதாட வேண்டாம், தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். தமிழிலேயே எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அனுப்பும் முன் துண்டின் தலைப்பில் எந்தச் சபை என்று பாருங்கள். திருகோணமலை நகரசபை மாநகர சபையாகிவிட்டது, அதைச் சுற்றிப் பட்டணமும் சூழலும் பிரதேச சபை இருக்கிறது. "திருகோணமலை" என்று முகவரி எழுதுகிற எல்லோரும் ஒரே சபைக்குள் இல்லை. பிழையான கந்தோரில் கொடுத்த கடிதத்தை அவர்கள் சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

பெயர் இன்னொரு தலையிடி. துண்டு இன்னமும் அப்பப்பாவின் பெயரில் வரும், காணி உறுதி உங்கள் பெயரில் இருக்கும். ஆட்சேபனையோடு உறுதிப் பிரதியையும் இணையுங்கள். பெயர் மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பம் கொடுங்கள், "முதலில் பெயரை மாற்றிக்கொண்டு வாங்கோ" என்றால் அதற்குள் மாதம் போய்விடும். சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் அற்றோணித் தத்துவம் இல்லாமல் நீங்கள் போட்ட கையெழுத்தைத் தள்ளிவிட இடம் உண்டு. அதை இப்போதே செய்து வையுங்கள்.

ஆட்சேபனை கொடுத்துவிட்டோம் என்று வரி கட்டாமல் இருக்காதீர்கள். நிலுவை சேர்ந்தால் அறவிடும் செலவும் உங்கள் தலையில் ஏறும், வீட்டுச் சாமானைக் கைப்பற்றவும் சபைக்கு அதிகாரம் உண்டு. ஜனவரி 31க்குள் முழு வருடத்தையும் கட்டினால் 10 வீதக் கழிவு, காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம்.

விசாரணைக்கு நாள் குறித்து அழைத்தால் கட்டாயம் போங்கள். வராதவரின் கோவை ஐந்து நிமிடத்தில் மூடப்படும். முடிவு பிழையென்றால், அது அறிவிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம். மாநகர சபைகள் கட்டளைச் சட்டப்படி, முதல் ஆட்சேபனையில் எழுதாத காரணத்தை அங்கே புதிதாகக் கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் கிணற்றுத் தண்ணீர், வெள்ளம், சுவரில்லாத மாடி, பூட்டிய கடை எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். நாலு பக்கம் வந்தாலும் பரவாயில்லை.