இன்: ஜப்பானிய ராப்பர்கள் ‘மிதிக்கும்’ ரைம்

ஜப்பானிய ராப் ரசிகர்கள் ரைமைப் பற்றிப் பேசும்போது ‘இன் ஓ ஃபுமு’ என்பார்கள். இன் என்றால் ரைம், ஃபுமு என்றால் மிதிப்பது. ‘ரைமு’ என்ற கடன்சொல்லும் உண்டு. ஆனால் ஜப்பானியத்தில் எலுமிச்சை வகையான லைமுக்கும் அதே உச்சரிப்புதான்!

இந்தத் தொடர் ராப்போடு வந்ததல்ல. ‘இன்’ சீனத்திலிருந்து வந்த சொல். அதை எழுதும் எழுத்தின் இடப்பாதிக்கு ‘ஒலி’ என்று பொருள். சீன மரபில் ஏழெழுத்து அடிகள் நான்கு கொண்ட பாட்டில் 1, 2, 4ஆம் அடிகளின் ஈற்றெழுத்துகள் ஒத்திசைக்க வேண்டும். 5-7-5-7-7 என்று மாத்திரை எண்ணிப் பாடும் ஜப்பானின் சொந்த வாகா கவிதைக்கு இன் தேவைப்படவே இல்லை.

1983இல் ‘வைல்ட் ஸ்டைல்’ என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் படம் டோக்கியோவுக்கு வந்தபின் யோயோகி பூங்காப் பக்கம் இளைஞர்கள் பிரேக் டான்ஸில் இறங்கினார்கள். ஆட்டமும் டிஜேயிங்கும் சீக்கிரம் பிடிபட்டன. இழுத்தடித்தது மொழிதான். ஜப்பானிய வாக்கியம் வினையில் முடியும். எந்த வரியை எடுத்தாலும் கடைசியில் ‘தெஸ்’, ‘மாஸ்’, ‘தா’ என்ற ஈறுகள்தான். ‘வந்தான், போனான்’ என்று அடுக்கிவிட்டு ரைம் என்று சொல்வது போல ஆகிவிடும். உயிரொலியும் ஐந்தே என்பதால் ஈற்றில் ஒன்று ஒத்துப்போவதில் ஒரு திறமையும் இல்லை.

தீர்வு: வரியைப் பெயர்ச்சொல்லில் முடிப்பது, வாக்கியத்தை முன்பின்னாகப் புரட்டுவது, கடைசி மூன்று நான்கு உயிர்களையாவது வரிசையாகப் பொருத்துவது. 1995இல் கிங் கிட்ரா குழு வெளியிட்ட முதல் ஆல்பம் இந்த முறைக்குப் பேர்போனது. மூன்று சொற்களைப் பாருங்கள்: கொதொப (சொல்), ஒதொன (பெரியவர்), தொகொய (முடிதிருத்தகம்). மெய்கள் மாறினாலும் உயிர்கள் மூன்றிலும் ஒ-ஒ-அ. பொருத்தம் நீள நீள ‘கதாய்’, அதாவது கெட்டியான இன், என்பார்கள்.

சொதப்புவது பெரும்பாலும் எண்ணிக்கையில். டோக்கியோ நம் காதுக்குச் சின்னச் சொல். அங்கே தொ-ஒ-க்யொ-ஒ என நான்கு மாத்திரை. நெடிலின் நீட்சியும் தனித்து நிற்கும் ‘ன்’னும் ஒவ்வொரு மாத்திரை பெறும், விட்டுவிட்டால் பொருத்தம் ஸ்னேர் டிரம்மின் தாள அடியிலிருந்து நழுவிவிடும், காதில் விழாது. ஷின்ஜித்ஸு (உண்மை), கென்ஜித்ஸு (நிஜம்) போல ஒரே ‘ஜித்ஸு’வை இருமுறை வைப்பதும் மலிவான வேலை.

தமிழில் இதை எதுகை என்று எழுதுவது தவறு. எதுகை இரண்டாம் எழுத்தைப் பற்றியது. தலையில் வரும் ‘தோஇன்’ நம் மோனைக்குப் பக்கம். ஈற்றில் வருவது இயைபு. இறுவாய் ஒன்றுவதே இயைபு என்கிறது தொல்காப்பியம். உயிர் மட்டும் ஒத்தால் ‘உயிரியைபு’ என்று பிரித்துச் சொல்லலாம். ஈற்று ரைமுக்கு ஜப்பானியத்தில் ‘க்யாகுஇன்’ என்று பெயர். க்யாகு என்றால் கால். பாட்டு வரியை அடி என்று சொல்லும் நமக்கு ‘அடியியைபு’ என்ற சொல் யாப்பிலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது.