டியூப்புக்குள் ஒரு கொசு வயிறு

"எக்கா, இங்க வந்து பாருங்க. நூல் நூலா கெடக்கு. ஸ்டெயின் சாயத்தோட தூசியா?"

லேபில் புதுசாகச் சேர்ந்த பிள்ளை கூப்பிட்டாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். சிவப்பணுக்களுக்கு வெளியே மெல்லிசாக, வளைந்து நெளிந்து, ஊதா நிறத்தில் வால்கள். பக்கத்து அணுக்களுக்குள் வைவாக்ஸ் மலேரியாக் கிருமி நிறைந்து கிடக்கிறது. தூசி இல்லை. இருபது வருஷமாக ஸ்லைடு பார்க்கிறேன், இதைப் பார்த்தது இரண்டே தடவைதான்.

ரத்தம் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வந்தது. ஆடிக் கொடைக்காக மும்பையிலிருந்து ஊருக்கு வந்த இருபத்துநாலு வயசுத் தம்பி. காலையில் எடுத்த ரத்தத்தை, எடுத்த இடத்தில் சாவகாசமாக வைத்திருந்து, மத்தியானத்துக்கு மேல்தான் பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் காட்சி.

மலேரியாக் கிருமி நம் ரத்தத்தில் பெருகுவது வெறும் பிளவுதான், ஆண் பெண் சேர்க்கை அங்கே கிடையாது. ஆனால் கொஞ்சம் கிருமிகள் ஆணாகவும் பெண்ணாகவும் உருமாறிக் காத்துக் கிடக்கும். இவற்றுக்கு கேமிட்டோசைட் என்று பெயர். கொசு நம்மைக் கடித்து ரத்தம் குடித்ததும் சூடு குறைகிறது, அமிலத்தன்மையும் மாறுகிறது. இடம் மாறிவிட்டது என்று கிருமிக்குத் தெரிந்துவிடும். பதினைந்து இருபது நிமிஷத்துக்குள் ஆண் கிருமி வெடித்து எட்டு வால்களை விடும். ஒவ்வொரு வாலும் ஒரு விந்து, பெண்ணைத் தேடிப் போகும்.

டியூப்பில் ஆறிப்போன ரத்தத்தைக் கொசு வயிறு என்று ஏமாந்து கல்யாணத்துக்குக் கிளம்பிய ஆண்கள்தான் அந்த நூல்கள். 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், ஸ்டெயின் போடாத ரத்தத்தில் இந்த வால்கள் துடிப்பதைப் பார்த்துத்தான் மலேரியா ஓர் உயிரால் வருகிறது என்று பிடித்தார். அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன், நம்பாமல் சிரித்தாள்.

கொசுவுக்குள் கதை இன்னும் நீளம். சேர்ந்து உண்டான கரு ஒரே நாளில் ஊரும் புழுப்போல மாறி, வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளிப்புறம் ஒட்டிக்கொள்ளும். அங்கே உருண்டை கட்டும். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் பார்த்தது அந்த உருண்டைகளைத்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் ஊசி மாதிரிக் கிருமிகள் விளையும். உருண்டை உடைந்ததும் அவை கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் போய்க் குடியேறும். நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் முடியப் பத்து நாளாவது ஆகும். குளிர்ந்தால் இன்னும் இழுக்கும், 16 டிகிரிக்குக் கீழே போனால் நின்றே விடும். பாதிக் கொசுவுக்கு மேல் அத்தனை நாள் உயிரோடு இருக்காது. அதனால் பயப்பட வேண்டியது கிழட்டுக் கொசுவுக்கு. அதுவும் பிறக்கும்போது சுத்தமாகத்தான் பிறந்தது, மலேரியாவை அதற்குக் கொடுத்ததே ஒரு மனுஷன்தான்.

தம்பியின் அம்மா ரிப்போர்ட் வாங்க வந்தார். "சாக்கடை நாத்தத்துலதான் கொசு பெருகுது"ன்னு முனிசிபாலிட்டியைத் திட்டித் தீர்த்தார். சாக்கடைக் கொசு வேறே. டவுன் பக்கம் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபென்சி என்ற கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் வேணும்: மொட்டைமாடி டேங்க், கிணறு, சிமெண்டுத் தொட்டி. டார்ச் அடித்துப் பாருங்கள். கொசுப்புழு நீர்மட்டத்தோடு படுத்து மிதந்தால் அனாபிலஸ், தலைகீழாகத் தொங்கினால் வேறு ஜாதி. கடிப்பதும் பொழுதடைந்த பிறகுதான்.

"ஒங்க டேங்குக்கு மூடி இருக்காம்மா?"

"போன வாரம் காத்துல பறந்துட்டும்மா."

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பிளாஸ்டிக் மூடி எம்மாத்திரம்.

தம்பிக்குப் போன வருஷமும் மும்பையில் இதே காய்ச்சல் வந்திருக்கிறது. மூன்று நாள் குளோரோகுயினை ஒழுங்காக முழுங்கியிருக்கிறான். பதினாலு நாள் பிரைமாகுயினை நாலாம் நாளே நிறுத்திவிட்டான். "வயித்தப் பெரட்டுச்சு, காய்ச்சலும் விட்டுட்டுல்லா." வைவாக்ஸ் ஈரலுக்குள் மாசக்கணக்கில் தூங்கும். அதைக் கொல்வது அந்தப் பதினாலு நாள் மாத்திரைதான். மறுபடி கடித்து வந்ததா, தூங்கியது எழுந்ததா என்று ஸ்லைடு சொல்லாது. எப்படியானாலும் அவன் ரத்தத்தில் ஆணும் பெண்ணும் தயாராக இருந்தன, வீட்டில் டேங்க் திறந்திருந்தது.

இந்தத் தடவை அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன். பிரைமாகுயின் எல்லாருக்கும் ஆகாது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் கொடுப்பதில்லை. சிவப்பணுவைக் காக்கும் ஜி-6-பி-டி என்சைம் குறைவாக இருந்தால் சிவப்பணு உடையும், சிறுநீர் கறுத்தால் உடனே மாத்திரையை நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பதினைந்தாம் நாள் மறு ரத்தம் கொடுக்க வந்தான். காலி மாத்திரை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். ஸ்லைடு சுத்தம். டேங்க் மூடி இன்னும் கிடைக்கவில்லையாம், அம்மா பழைய வேட்டியைப் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறாளாம்.