ரம்புட்டான் கன்று வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்ததும் குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை கன்றுக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். ரப்பர் வெட்டிய விளையில் ஓர் ஓரம், வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட், மொட்டை மாடியில் இரண்டு டிரம் என்று எல்லோருக்கும் ரம்புட்டான், மங்குஸ்தான் ஆசை வந்துவிட்டது. தோட்டக்கலை ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் ஐந்தாறு வருடம் கழித்துத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். "சாரே, மரம் நல்லா தழைச்சு நிக்குது, காய் மட்டும் பிடிக்கல்ல." பெரும்பாலும் அந்தச் சங்கதி கன்று வாங்கிய அன்றே முடிவாகியிருக்கும்.

கடையில் நாம் பழத்தின் படத்தைப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். "இது விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா?" என்று மட்டும் கேட்பதில்லை.

விதையிலிருந்து வந்த ரம்புட்டானில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகப் போகலாம். ஆண் மரமும் கொத்துக் கொத்தாகப் பூக்கும், தேனீ மொய்க்கும். காய் ஒன்றுகூட நிற்காது. அது ஆண் என்று தெரிவதற்குள் ஐந்தாறு வருடம் ஓடிவிடும். அதனால் 'N18' போன்ற பெயருள்ள ரகத்தில், மொட்டு ஒட்டிய கன்றாக வாங்குங்கள். ரப்பர் வைத்த ஊர்க்காரர்களுக்குப் பட்டிங் புதிதில்லை. அதே கண்ணோடு கன்றின் அடித்தண்டைப் பாருங்கள். மண்ணிலிருந்து ஒரு சாணுக்குள் பழைய தண்டை வெட்டிய வடு இருக்கும். அதன் பக்கத்திலிருந்து புதுத் தண்டு லேசாக வளைந்து மேலே போயிருக்கும். தண்டு வேரிலிருந்து நுனி வரை ஒரே சீராக இருந்தால், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் அது விதைக் கன்றுதான்.

ஒட்டுக் கன்று வாங்கியவர்களும் தப்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. நட்டபின் அந்த வடுவுக்குக் கீழே ஒரு துளிர் கிளம்பும். அது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் விதைக் கன்றின் துளிர், மேலே உள்ள ரகத்தைவிட வேகமாக வளரும். "நல்லா வருதே" என்று விட்டுவைப்பார்கள். இரண்டு மழைக்காலம் கழிந்து போய்ப் பார்த்தால் ஒட்டிய பகுதி பட்டுப்போயிருக்கும், நிற்பது வெறும் விதை மரம். துளிரைக் கண்ட அன்றே நகத்தால் கிள்ளி எறிய வேண்டும்.

மங்குஸ்தானுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அதன் விதை மகரந்தம் சேராமலே உருவாகிறது, கன்று தாய் மரத்தைப் போலவே இருக்கும். ஆகவே விதைக் கன்றை நம்பி வாங்கலாம். பொறுமைதான் வேண்டும்: முதல் காய்க்கு ஏழு முதல் பத்து வருடம். விதையிலிருந்து நீங்களே வளர்ப்பதென்றால் பழம் தின்ற ஓரிரு நாளிலேயே ஊன்றிவிடுங்கள், காய்ந்த விதை முளைக்காது. முதல் சில வருடம் பாதி நிழல் கட்டாயம். வாழைக்கு நடுவில் வைத்தால் போதும். குற்றாலத்திலும் நீலகிரி அடிவாரத்துப் பர்லியாரிலும் இந்த மரம் நெடுங்காலமாகக் காய்க்கிறது, நம் மண்ணுக்கு வருமா என்ற சந்தேகமே வேண்டாம்.

துரியன் வேறு தினுசு. பூ சாயங்காலம் விரியும், மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு வௌவாலுக்கு. பல ரகங்களில் தன் மகரந்தம் தனக்கே ஒட்டாது. ஒற்றை மரம் வைத்துவிட்டுக் காத்திருப்பதைவிட, இடமிருந்தால் இரண்டு வெவ்வேறு ரகம் வையுங்கள். இடமில்லையென்றால் துரியனே வேண்டாம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைத்தால் வேரழுகல் வந்து மொத்தமாகப் போய்விடும்.

இனி, நல்ல கன்றை வைத்தும் காய்க்காத மரங்கள். இங்கே குற்றவாளி பாசம். துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் வெயில் ஏறும்போது ரம்புட்டான் மூன்று நான்கு வாரம் தண்ணீரில்லாமல் காய வேண்டும். மண் காய்ந்தால்தான் பூங்கொத்து வரும். நம் ஆட்களோ "பாவம், வாடுதே" என்று தினம் குழாயைத் திருப்பிவிடுகிறார்கள். மரம் பூவுக்குப் பதில் இலையாகத் தள்ளுகிறது. வளர்ந்த மரத்துக்கு அந்த நாட்களில் தண்ணீரை நிறுத்துங்கள், பூங்கொத்து வெளியே தெரிந்ததும் மறுபடி கொடுங்கள். சின்னக் கன்றுக்கு இந்தப் பட்டினி கூடாது. அறுவடை முடிந்ததும் காய்த்த நுனிகளை ஒரு சாண் அளவு வெட்டிவிட வேண்டும். புதுக் கிளையின் நுனியில்தான் அடுத்த பூ.

கடலோரத்துத் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் இருந்து வரும் புகார் இலை ஓரம் தீய்ந்து பழுப்பாவது. நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். உப்புத் தண்ணீரை ரம்புட்டான் தாங்காது. கிணற்று நீரைச் சோதித்துவிட்டு, சாம்பல் சத்துக்கு குளோரைடு உப்பான மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போடாமல் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடுங்கள். மகரந்தச் சேர்க்கைக்கு ஒரு சிறுதேனீப் பானை வைத்தால் நல்லது. மார்த்தாண்டத்தில் தேனீக்கு என்ன பஞ்சம்!

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கன்றைச் சுருட்டிக் கொண்டுவருவதும் நடக்கிறது. 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் அது சட்டவிரோதம். புது நோயும் அதோடு சேர்ந்து வரும்.

பழம் வந்தபின் இரண்டு விஷயம். பழந்தின்னி வௌவால் ரம்புட்டானை விடாது. 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில், இந்த வௌவால்கள் சுமக்கும் நிபா வைரஸ் பரவியது. 2021-இல் அங்கே ஒரு சிறுவன் நிபாவால் இறந்தபோது ரம்புட்டான் மேல் சந்தேகம் விழுந்தது. அதற்காக மரத்தை வெட்ட வேண்டாம். காய் சிவக்கத் தொடங்குமுன் வலை போடுங்கள். கடித்த தடமோ நகக்கீறலோ உள்ள பழத்தையும், அடியில் உதிர்ந்து கிடப்பதையும் கழுவித் தின்னலாம் என்று நினைக்காதீர்கள், குழிதோண்டிப் புதையுங்கள்.

அடுத்தது, பிள்ளைகள். ரம்புட்டானின் வழவழப்பான சதை விதையோடு நழுவித் தொண்டையில் அடைத்து மூச்சை நிறுத்திவிடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுப் பழத்தை உரித்துக் கொடுக்காதீர்கள். விதையை எடுத்துவிட்டு, சதையைச் சிறு துண்டாக நறுக்கி, உட்காரவைத்து ஊட்டுங்கள். ஓடியாடும்போது வாயில் போட வேண்டாம்.